கள்ளியடிக் காணியில் முந்நூறு யார்

நெடுந்தீவு தட்டையான தீவு என்று சொல்பவர்கள் காலை வள்ளத்தில் வந்து, கோட்டையைப் பார்த்து, குதிரையைப் பார்த்து, பின்னேர வள்ளத்தில் திரும்பிப் போனவர்கள். அந்தத் தட்டை நிலத்தில் முந்நூறு யார் தூரம் நேராக ஓடிப் பார்த்திருந்தால் அப்படிச் சொல்ல வாய் வந்திராது. ஐம்பது அறுபது யாருக்கு ஒரு கல்வேலி முழங்காலை இடிக்கும். கடற்கல்லைச் சாந்து பூசாமல் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி இடுப்பளவுக்கு எழுப்பிய வேலி. உள்ளே ஒரு பனையும் இரண்டு எருக்கலைப் பற்றையும்தான் நிற்கும். இருந்தாலும் வேலி இருக்கும். ஒன்றும் விளையாத காணி என்றாலும் அது இன்னாருடையது என்று ஊருக்குத் தெரிய வேண்டாமா?

"முந்நூறு யார் வேணும்," என்றார் மயில்வாகனம். "ஏரோப்பிளேன் எழும்ப நூற்றைம்பது. எழும்பாட்டில் நிப்பாட்ட இன்னொரு நூற்றைம்பது."

"எழும்பாட்டில் எண்டு ஏன் சொல்லுறியள்?" என்று மனைவி ஞானசவுந்தரி சிடுசிடுத்தாள். நல்ல காரியம் பேசும்போது அவருக்கு எப்போதும் ஒரு அபசகுனம் வாயில் வந்து நிற்கும். எஞ்சின் வேலை செய்தவர்களின் புத்தி அப்படித்தான் என்று அவள் ஆறுதல்பட்டுக்கொண்டாள்.

மயில்வாகனம் இருபத்துமூன்று வருடம் இரத்மலானை விமானத் தளத்தில் எஞ்சின் பிற்றராக இருந்தவர். மனைவி தீவில், அவர் கொழும்பில். வருடத்துக்கு இரண்டு தரம் லீவில் வருவார். மற்ற ஆண்கள் லீவில் வரும்போது சேலையும் பிஸ்கற் பெட்டியும் கொண்டு வருவார்கள். இவர் பலகை கொண்டு வருவார். உதிரிப்பாகங்கள் வந்த பெட்டிகளை உடைத்து எடுத்த பலகை, அலுமினியக் குழாய், ஆணி, ஒரு தடவை பழைய வொக்ஸ்வாகன் கார் ஒன்றின் எஞ்சின். அந்த எஞ்சினை வள்ளத்தில் ஏற்ற ஆறு பேர் பிடித்தார்கள் என்றும், இறக்கிய ஆறு பேரும் அவரை விசரன் என்றார்கள் என்றும் ஊரில் கதை. பன்னிரண்டு வருடத்தில் வீட்டுக்குப் பின்னால் மாடு கட்டும் கொட்டிலாக இருந்த மாலுக்குள் ஒரு ஏரோப்பிளேன் கொஞ்சம் கொஞ்சமாக உருவானது. ஒருவர் மட்டும் இருக்கக்கூடியது. இறக்கைக்கு ஞானசவுந்தரிதான் துணி தைத்தாள். முன்னால் சுற்றும் விசிறியை மலைவேம்பில் அவர் கையாலேயே செதுக்கினார்.

போன வருடம் ஆடி மாதக் கலவரத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் அவர் இருந்த அறை எரிந்தது. அகதிகளை ஏற்றிவந்த கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கியபோது இடுப்பில் ஒரு சாரமும் கையில் ஒரு ஸ்பனரும்தான் இருந்தன. ஏன் ஸ்பனர் என்று அவருக்கே தெரியவில்லை. அதற்குப் பிறகு ஐந்து மாதம் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். கேட்டால் ஓம், இல்லை. வைத்த சோறு வைத்தபடி. தைப்பொங்கலன்று தானாக எழும்பி மாலுக்குள் போய் ஏரோப்பிளேனின் தூசியைச் சாரத் தலைப்பால் துடைத்தார். அன்றைக்கு இரண்டு தரம் சோறு கேட்டார். ஞானசவுந்தரி குசினிக்குள் நின்று அழுதுவிட்டு ஒரு முடிவுக்கு வந்தாள். இது பறந்தால் இந்த மனுசன் தப்பும். பறக்காவிட்டால் திரும்பச் சுவர்ப்பக்கம்தான். அதற்குப் பிறகு அவளுக்கு வேறு வேண்டுதல் ஒன்றும் இருக்கவில்லை.

அவர் வாய்விட்டுச் சிரித்ததும் அந்த மாலுக்குள்தான். மீன்பிடிக்கிற பஸ்ரியாம்பிள்ளையின் பேத்திக்கு ஒன்றரை வயது. தாய் கருவாடு காயவைக்கும் நேரத்தில் அதை ஞானசவுந்தரியிடம் விட்டுவிட்டுப் போவாள். ஒருநாள் பிள்ளை மால் வாசலில் பாயில் தூங்கிக்கொண்டிருக்க, மயில்வாகனம் பலகையும் கையுமாக அதைத் தாண்டி உள்ளே போனார்.

"ஐயோ! திரும்பி வாங்கோ! வந்த வழியாலை திரும்பித் தாண்டுங்கோ!" என்று ஞானசவுந்தரி கத்தினாள். "படுத்திருக்கிற பிள்ளையைத் தாண்டக் கூடாதெண்டு தெரியாதோ? பிள்ளை வளராது."

அவர் நல்ல பிள்ளையாகத் திரும்பித் தாண்டினார். "அப்ப ஏரோப்பிளேன் ஓட்டுறவன் ஒரு நாளைக்கு எத்தினை பிள்ளையைத் தாண்டுறான்? உலகத்திலை ஒருத்தரும் வளர்ந்திருக்கேலாதே."

"அது உயரத்திலை."

"எத்தினை அடி உயரத்திலை போனால் குற்றமில்லை எண்டு சொல்லும், குறிச்சு வைக்கிறன்," என்றவர் தான் சொன்னதற்குத் தானே சிரித்தார். மறுபடி இந்தச் சிரிப்பைக் கேட்க ஏழு பிள்ளைகளை வேண்டுமானாலும் தாண்ட விடலாம் போல அவளுக்கு இருந்தது.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. இருந்தது, இருபத்தொன்பது நாள். அறுபத்துநாலாம் ஆண்டுப் புயல் அடித்த மார்கழியில், காய்ச்சல் கண்டு, வள்ளமும் இல்லாமல் டொக்டரும் இல்லாமல் போய்ச் சேர்ந்தான். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்துப் பெயர் வைக்க இருந்தார்கள். தகப்பன் அதற்குத்தான் வருவதாக இருந்தது. கடல் அடங்கி மயில்வாகனம் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து பதினொரு நாள். பிள்ளையின் முகத்தை அவர் காணவேயில்லை. அதைப் பற்றிக் கதைக்க நேர்ந்தால் "அந்த விசயம்" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது.

சின்னப் பிள்ளைகளை எரிப்பதில்லை, மண்ணில் தாழ்ப்பதுதான் வழக்கம். பெண்கள் சுடலைக்குப் போவதும் இல்லை. ஞானசவுந்தரியின் தமையன் சிவபாதம் பிள்ளையைத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போனார். திரும்பி வந்து, "கிழக்குக் கரைச் சுடலையிலை வைச்சிட்டன்," என்றார். அன்று முதல் இருபது வருடமாக அவள் விளக்கு வைக்கும் நேரம் கிழக்குப் பக்கம் திரும்பி ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போவாள்.

ஆனி பிறந்ததும் ஓடுபாதை தேடத் தொடங்கினார்கள். முதலில் தெற்கே குதிரைகள் மேயும் வெளி. பார்வைக்குப் பாய் விரித்தது போல இருக்கும். மயில்வாகனம் முழங்காலில் நின்று கையால் தடவிப் பார்த்தார். புல்லுக்குள் பாறை விளிம்பு விளிம்பாக நின்றது. மோட்டார் சைக்கிள் சில்லு இரண்டு பூட்டிய ஏரோப்பிளேன் அதில் ஓடினால் சில்லு ஒருபக்கம், ஆள் ஒருபக்கம். பிறகு கடற்கரை. வற்று நேரத்தில் மணல் சீமெந்துபோல இறுகிக் கிடந்தது. ஆனால் கரை வளைந்து போனது, காற்றும் பக்கவாட்டில் அடித்தது. தெருவைப் பார்த்தார். தெருவின் அகலம் இறக்கையின் அகலத்தில் பாதிகூட இல்லை.

"காத்துக்கு நேர் எதிரா ஓடவேணும் பஸ்ரி. பக்கத்தாலை அடிச்சால் பிரட்டிப்போடும்."

பஸ்ரியாம்பிள்ளை ஏரோப்பிளேனை வள்ளத்தின் இனம் என்று எடுத்துக்கொண்ட மனிதர். ஊரிலே அதைப் பார்த்துச் சிரிக்காதவர் அவர் ஒருவர்தான். "உது பாய் விரிக்கிற கணக்குத்தான் அண்ணை, என்ன, மறுவளம்," என்றார். "இப்ப சோழகக் காத்து. இந்த மாதமும் அடுத்த மாதமும் ஒரே முகத்திலைதான் நிக்கும். மத்தியானத்துக்குப் பிறகு இன்னும் இறுக்கி விழும். அந்த நேரம் பார்த்து ஓடினால் கொஞ்ச நிலமே காணும்." தென்மேற்கைப் பார்த்து நின்று கையை நேராக நீட்டினார். அவர் கை நீட்டிய நேருக்கு மூன்று பேரும் நடந்தார்கள். கை போய் முடிந்த இடம் கள்ளியடிக் காணி.

ஞானசவுந்தரியின் சீதனக் காணி அது. தகப்பன் மாடு கட்ட வைத்திருந்த நீளக் காணி. குறுக்கே இரண்டே இரண்டு வேலி. இத்தனை நாளும் கண் முன்னால் கிடந்ததை விட்டுவிட்டுத் தீவெல்லாம் அலைந்தோமே என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். மாரியில் அதில் குரக்கன் விதைப்பது சிவபாதம். காணி அவளுடையது, பாடு அவருடையது. பெண்சாதி செத்தபிறகு அந்த மனிதருக்கு மண்வெட்டியோடு மட்டும்தான் பேச்சு. கேட்டவுடன் சரி என்றார். இரண்டு வேலியையும் தானே பிரித்து, நாலு நாள் கல்லுச் சுமந்து, வேலி நின்ற இடத்தை மண் போட்டு மிதித்தும் கொடுத்தார்.

மயில்வாகனம் வடகிழக்கு மூலையில் இருந்து நாடாவைப் பிடித்து அளந்துகொண்டு போனார். இருநூற்றைம்பது யாரில் சிவபாதம் குறுக்கே வந்து நின்றார்.

"இதுக்கு அங்காலை வேண்டாம்."

அங்கே ஒரு கற்கும்பி கிடந்தது. முழங்கால் உயரம். மூன்று பக்கமும் கள்ளி. அதைத் தாண்டி இன்னும் எழுபது யார் நல்ல நிலம் இருந்தது.

"ஏன் மச்சான்?"

"பாம்பு கிடக்கு."

அடுத்த நாள் கேட்டபோது, அங்கே நிலம் பள்ளம் என்றார். அதற்கு அடுத்த நாள், ஏர் போகாத மூலையில் சில்லு எப்படிப் போகும் என்றார். மூன்று நாளில் மூன்று காரணம். உண்மை பேசிப் பழகிய மனிதருக்குப் பொய் சொல்லவும் ஒழுங்காக வராது.

அந்தக் கிழமைதான் இராணுவத்தின் ஹெலிகொப்டர் வந்தது. முற்பகல் வேளையில் கள்ளியடிக்கு மேலே இரண்டு தரம் சுற்றிவிட்டுப் போனது. பின்னேரம் ஊர் நிர்வாகம் பார்க்கும் விதானையார் சைக்கிளில் வந்தார். நல்ல மனிதர், குரலை உயர்த்தவில்லை. "மேலையிருந்து பாத்தால் வெள்ளைக் கோடு கீறின மாதிரித் தெரியுமாம். காலம் கெட்டுக் கிடக்கு. நாளைக்கு ஆரும் வந்து உது என்ன, ஆருக்கு வெட்டினது எண்டு கேட்டால் ஆர் மறுமொழி சொல்லுறது? சனம் பயப்பிடுது. வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுக்கிறம். ஓடினாலும் சரி, ஓடாட்டிலும் சரி, பேந்து வேலியைப் பழையபடி அடுக்கிப்போடவேணும்."

"வெள்ளிக்கிழமை காணும்," என்று கணவருக்கு முந்தி ஞானசவுந்தரி சொன்னாள். போதாது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அது ஒன்றுதான் கிடைக்கும் என்றும் தெரிந்தது. விதானையார் போன பிறகு மயில்வாகனம் மாலுக்குள் போகவில்லை. அறைக்குள் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். 

செவ்வாய்க்கிழமை விடிய அவள் தமையன் வீட்டு வாசலில் போய் நின்றாள். சிவபாதம் கையில் பிளாஸ்ரிக் கானோடு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார். எஞ்சினுக்குப் பெற்றோல் தீவில் இல்லை. குறிகட்டுவானுக்கு வள்ளம் ஏறி, அங்கிருந்து பஸ்ஸில் யாழ்ப்பாணம் போய் வாங்கிவரப் புறப்பட்டிருந்தார். இந்த மனுசன் இவ்வளவும் செய்கிறது, அந்த மூலையை மட்டும் ஏன் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று அவளுக்கு ஆற்றாமை பொங்கியது. ஆற்றாமையில் வருகிற வார்த்தை நிறுத்துப் பார்த்து வருவதில்லை.

"சீதனம் எண்டு முழுக் காணியையும் தங்கச்சிக்குக் குடுக்கவேண்டி வந்திட்டுதே, கடைசி மூலையையாவது பிடிச்சு வைச்சிருப்பம் எண்டு பாக்கிறியளோ அண்ணை?"

 சிவபாதம் கானை எடுத்துக்கொண்டு நடந்தார். படலையடியில் மட்டும் திரும்பினார். "நான் வரும்வரைக்கும் அதிலை கைவையாதை பிள்ளை. வந்து கதைப்பம்."

வந்து கதைக்க நாள் எங்கே இருக்கிறது? புதன்கிழமை காலை அவள் அலவாங்கையும் கடகத்தையும் எடுத்துக்கொண்டு கள்ளியடிக்குப் போனாள். "மச்சான் வரட்டுமன்," என்று மயில்வாகனம் பின்னால் வந்து சொன்னார். "என்ரை காணி. என்ரை கல்லு," என்றாள். கள்ளியை வெட்டினாள். பாம்பு எதுவும் இல்லை. சிரிப்பாகக்கூட இருந்தது. இந்தக் கும்பியில் அவள் எத்தனை தரம் இருந்து களைப்பாறியிருக்கிறாள்! பனையோலை பொறுக்க வந்தால் இதில் இருந்துதான் வெற்றிலை போடுவாள். ஆடு கட்டும் முளையை இதன் பக்கத்தில்தான் அறைவாள்.

கல்லைக் கடகத்தில் போட்டுத் தலையில் வைத்துக்கொண்டு, இரண்டாம் வேலி நின்ற இடத்துக்குப் பக்கத்தில் பனைவேரைத் தோண்டிய கிடங்குக்குள் கொண்டுபோய்க் கொட்டினாள். கிடங்கும் நிரம்பும், மூலையும் வெளிக்கும். பதினாறு கடகம் சுமந்தாள். மேலே கிடந்த கல்லெல்லாம் கண்டபடி போட்ட கல். அடிக்குப் போகப் போக ஒழுங்காக அடுக்கியிருந்தது. யார் மினைக்கெட்டு இப்படி அடுக்கினது என்று ஒரு நினைப்பு வந்து போனது. கடைசியில் நிலத்தோடு பதிந்து ஒரு பெரிய தட்டைக் கல். அதை அலவாங்கால் நெம்பிப் புரட்டியபோது வியர்வை கண்ணுக்குள் ஓடியது. கீழே வெறும் மண்தான். காலால் மண்ணைத் தட்டிச் சமப்படுத்திவிட்டு, இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்று பார்த்தாள். முந்நூற்றிருபது யாரும் ஒரே நேராகக் கிடந்தது. மனம் நிறைந்துபோயிற்று.

அப்போதுதான் சிவபாதம் வந்தார். வள்ளத்தால் இறங்கி வீட்டுக்கும் போகாமல் நேரே வந்திருக்கவேண்டும். பெற்றோல் கானை நிலத்தில் வைத்தார். அவளைப் பார்த்தார், மூலையைப் பார்த்தார். பிறகு அப்படியே மண்ணில் இருந்துவிட்டார்.

"எடுத்திட்டியோ," என்றார்.

"எடுத்திட்டன். ஒரு பாம்பும் இல்லை."

"அவனடி அது."

அவளுக்கு விளங்கவில்லை. "ஆர்?"

"உன்ரை பிள்ளை. இதுக்குள்ளைதான் வைச்சனான்." சிவபாதத்தின் கண்ணால் தண்ணீர் ஓடியது. துடைக்கவும் கையை எடுக்கவில்லை. "அண்டைக்குக் கிழக்குக் கரைச் சுடலை முழுக்கக் கடல். இடுப்பளவு தண்ணி. பிள்ளையைத் தோளிலை வைச்சுக்கொண்டு விடியுமட்டும் தீவெல்லாம் நடந்தனான். தண்ணி நில்லாத நிலம் இது ஒண்டுதான். குடியிருக்கிற பக்கத்துக் காணியிலை தாழ்க்கக் கூடாது, தெரியும். வேறை என்ன செய்ய? நாய் கிண்டாமல் கல்லு அடுக்கினனான்."

"சுடலை எண்டு சொன்னனீங்கள்."

"நீ அப்ப இருந்த இருப்புக்கு, கிட்டத்தான் எண்டு தெரிஞ்சால் இதிலையே கிடந்து செத்திருப்பாய். கொஞ்சம் தேறட்டும், பேந்து சொல்லுவம் எண்டு விட்டனான். பிறகு வருசம் போட்டுது. எந்த நாளிலை எண்டு சொல்லுறது?"

ஞானசவுந்தரி தன் கையைப் பார்த்தாள். விரலிடுக்கில் மண் அப்பியிருந்தது. இருபது வருடம் கிழக்கே பார்த்து நின்றிருக்கிறாள். பிள்ளை மேற்கே கிடந்திருக்கிறான். அவன் மேல் இருந்து வெற்றிலை போட்டிருக்கிறாள். இன்றைக்கு அவன் தலைமாட்டை அலவாங்கால் நெம்பி, மண்ணைக் காலால் தட்டிவிட்டு, சந்தோசமாக வேறு நின்றிருக்கிறாள். பெற்ற வயிறு ஒரு சாடையாவது சொல்லியிருக்க வேண்டாமா? அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. அழுகை வரவில்லை. 

மயில்வாகனம் கிடங்கடிக்குப் போய், உள்ளே இறங்கி, அவள் கொட்டிய கல்லை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைக்கத் தொடங்கினார்.

மூன்று பேரும் பொழுதுபடும் வரை கல்லுச் சுமந்தார்கள்; வெறுமையான கிடங்கை மண் போட்டு மூடினார்கள். அடிக்கல்லை மட்டும் சிவபாதம் வைத்தார். அந்த ஒழுங்கு அவருக்கு மட்டும்தான் தெரியும். தட்டைக் கல்லைத் தூக்கும்போது ஞானசவுந்தரி அவர் கையைப் பிடித்தாள்.

"தலை எந்தப் பக்கம் அண்ணை?"

"தெற்கை. முறைப்படிதான் வைச்சனான்."

அவள் கல்லின் மறு விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இருவருமாக மெதுவாக இறக்கினார்கள். காணியைப் பற்றி அவள் கேட்ட கேள்விக்கு மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று நினைத்தாள். வாய் வரவில்லை. சிவபாதமும் அதை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

வியாழக்கிழமை மயில்வாகனம், "விட்டிடுவம்," என்றார்.

"விடேலாது."

"இருநூற்றைம்பதுதான் இருக்கு. அதுக்கு மேலாலை சில்லு ஓட்டச் சொல்லுறீரோ?"

"சில்லு ஓட்டவேண்டாம். அதுக்கு முந்தி எழும்புங்கோ." அவள் அவர் முன்னால் வந்து இருந்தாள். "நான் இருபது வருசம் ஆளில்லாத பக்கம் பாத்துக் கும்பிட்டனான். நீங்கள் ஒருக்காலும் காணேல்லை. நாளைக்கு விட்டால் வேலி வந்திடும், பேந்து ஒருக்காலும் இல்லை. நீங்கள் செய்ததை அவன் கிடந்து பாக்கட்டும். நான் அவனோடை நிக்கிறன்."

 "சோழகம் இறுக்கி விழுந்தால் நூற்றைம்பதிலை எழும்பும்," என்றார் மயில்வாகனம். "வெள்ளைத் துணி ஒண்டு கட்டிப் பிடிச்சுக்கொண்டு நில்லும். எனக்கு அடையாளமாயிருக்கும்."

வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு காற்று பஸ்ரியாம்பிள்ளை சொன்ன மாதிரியே விழுந்தது. பனைகள் ஒரே பக்கமாகச் சரிந்து இரைந்தன. பக்கத்துக் காணிகளின் வேலிக்கு அப்பால் முப்பது நாற்பது பேர் நின்றார்கள். விசரன் விழுகிறதைப் பார்க்க வந்தவர்களும் இருந்தார்கள், கைகூப்பிக்கொண்டு நின்றவர்களும் இருந்தார்கள். விதானையார் ஹெலிகொப்டர் வருகிறதா என்று வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஞானசவுந்தரி கற்கும்பியின் பக்கத்தில், கிடைச்சித் தடியில் வேட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அங்கிருந்து பார்க்க ஏரோப்பிளேன் சின்னஞ்சிறிதாகத் தெரிந்தது. எஞ்சின் முதலில் இருமியது, பிறகு சீராகப் பிடித்தது. அந்தச் சத்தத்தை அவள் மாலுக்குள் எத்தனையோ நாள் கேட்டிருக்கிறாள். எந்த இடத்தில் கூட்டுகிறார், எந்த இடத்தில் குறைக்கிறார் என்று குசினிக்குள் நின்றே சொல்லிவிடுவாள்.

வரத் தொடங்கியது. முதலில் ஆடி ஆடி, பிறகு நேராக. வால் நிலத்தை விட்டுத் தூக்கியது. முதலாம் வேலி நின்ற இடம் கடந்தது. இரண்டாம் வேலி நின்ற இடம் வரும்முன்னே சில்லுக்கும் நிலத்துக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. ஒரு சாண். ஒரு முழம். தான் தைத்த துணி காற்றில் விறைத்து நிற்பதை அவள் கண்டாள். "போங்கோ!" என்று கத்தினாள். "போங்கோ! மேலை போங்கோ!"

எஞ்சின் சத்தம் தணிந்தது.

சில்லு நிலத்தில் முட்டி, ஒருதரம் துள்ளி, மறுபடி முட்டியது. ஏரோப்பிளேன் புழுதியைக் கிளப்பிக்கொண்டு உருண்டு உருண்டு வந்து, அவளுக்குப் பதினைந்து யார் முன்னால் நின்றது. விசிறி இரண்டு சுற்றுச் சுற்றி ஓய்ந்தது.

"எழும்பினது அண்ணை!" பஸ்ரியாம்பிள்ளை வேலிக்கு மேலால் பாய்ந்து ஓடி வந்தார். "என்ரை கண்ணாலை கண்டனான்! இரண்டு முழம்! இன்னும் ஒரு சொட்டு விட்டிருந்தால் பனைக்கு மேலாலை போயிருக்கும்!"

மயில்வாகனம் இறங்கினார். முகம் வெளிறியிருந்தது. "எஞ்சின் காணாது," என்றார் எல்லோரும் கேட்க. "பழைய எஞ்சின். இழுக்கேல்லை."

சனம் உச்சுக்கொட்டியது. சிரிக்க வந்தவர்களுக்கும் சிரிக்க மனம் வரவில்லை. ஒருவர் வந்து அவர் தோளில் தட்டிவிட்டுப் போனார். விதானையாருக்கு மூச்சு வந்தது. பின்னேரமே ஊர் சேர்ந்து வேலி அடுக்கத் தொடங்கியது. பிரிப்பதற்கு ஒருவர் நாலு நாள் சுமந்த கல்லை நாற்பது பேர் இரண்டு மணித்தியாலத்தில் திருப்பி அடுக்கினார்கள். ஏரோப்பிளேனை இறக்கை கழற்றி மாலுக்குள் தள்ளியாகிவிட்டது. இனி எந்த நிலத்திலும் அது ஓடப்போவதில்லை என்பது அங்கே கல்லெடுத்துக் கொடுத்த ஒவ்வொருவருக்கும் தெரியும்.

மயில்வாகனமும் கல்லுச் சுமந்தார். ஞானசவுந்தரி அவருக்குப் பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுத்தாள். மற்றவர்கள் கொஞ்சம் தள்ளிப்போகும் வரைக்கும் பொறுத்திருந்தாள்.

"எஞ்சின் நல்லா இழுத்தது," என்றாள் மெதுவாக. "நீங்கள்தான் குறைச்சனியள். எனக்குச் சத்தம் தெரியும். ஏன் குறைச்சனியள்?"

அவர் கையிலிருந்த கல்லை வேலியில் வைத்து, ஆடாமல் இருக்கிறதா என்று அமத்திப் பார்த்தார்.

"மூண்டடி, நாலடி உயரத்திலைதான் போயிருப்பன். அவ்வளவு பதிவாய்," என்றார். "படுத்திருக்கிற பிள்ளையைத் தாண்டக் கூடாதெல்லே?"

அந்த வாயிலிருந்து 'பிள்ளை' என்ற சொல் அவனைக் குறித்து வந்தது அதுதான் முதல் தரம். ஞானசவுந்தரிக்குப் புதன்கிழமை வராத அழுகை அப்போதுதான் வந்தது. தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"திரும்பித் தாண்டியிருக்கலாமே," என்றாள் விம்மலுக்கு நடுவில். "தாண்டினாலும் திரும்பித் தாண்டினால் குற்றமில்லையே."

"அந்தப் பக்கத்தாலை திரும்பி வர ஏலாது," என்றார் மயில்வாகனம். "காத்து விடாது."

அவர் அடுத்த கல்லுக்குக் கையை நீட்டினார். அவள் எடுத்துக் கொடுத்தாள்.